உலகம்மை மிதித்த பிரேக்

கிட்ட வந்து உக்காருங்க அண்ணாச்சி. இந்த அருவி எரைச்சல்ல அங்கன நின்னு நீங்க எம்புட்டு கத்துனாலும் எனக்குப் பாதிதான் விழும். அந்தப் பலகைய இழுத்துப் போட்டுக்கோங்க. ஈரமில்ல, இப்பத்தான் தொடச்சேன். நான் பாட்டுக்கு அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே பேசுதேன். சத்திரத்துல இன்னைக்கி அறுவது எலை, கை நிக்கப்படாது.

யாரு, உலகம்மையா? தென்காசியில குத்தாலம் போற ரோட்டுல ஆப்பக்கடை வச்சிருந்தாளே, அவளத்தானே கேக்குதிய? இங்கனதான் இருக்கா. கடையப் பூட்டிட்டு இந்தச் சத்திரத்துக்குச் சமையலுக்கு வந்து ரெண்டு மாசமாச்சி. பாக்கலாம், எங்கயும் ஓடிரமாட்டா. மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. வக்கீல் குமாஸ்தாவா. எந்தப் பக்கத்து வக்கீலு? மெக்கானிக்கு அய்யாக்குட்டி பக்கமா? மெய்யாத்தானா?

கோவிச்சிக்கிடாதிய. இப்பல்லாம் காயிதமும் கையுமா வாற ஆளக் கண்டாலே உலகம்மை உள்ள போயி கதவச் சாத்திக்கிடுதா. அதான் கேட்டேன்.

தெரியும். போலீசுக் கட்டுல அவ குடுத்த காயிதம் இருக்கு, திங்கக்கெழம வாய்தா, அந்தக் காயிதம் நின்னுச்சின்னா அய்யாக்குட்டி செயிலுக்குப் போவான். புள்ளத்தாச்சிப் பொண்டாட்டி தெருவுல நிப்பா. அதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காயிதம் பொய்யின்னு நான் ஒத்த வார்த்தையில சொல்லிருவேன். ஒத்த வார்த்தைய வச்சிக்கிட்டு கோர்ட்டுல நீங்க என்ன பண்ணுவிய? பிரேக்குல இருந்து வந்தாத்தான் வெளங்கும். உங்க நோட்டு நனையாம வச்சிக்கோங்க, சாரல் இப்படித்தான் அடிக்கும்.

அய்யாக்குட்டி பட்டறைக்கும் உலகம்மை கடைக்கும் நடுவுல ஒரு தட்டிதான் மறைப்பு. அவனுக்கு எழுத்து வராது, கையிதான் எல்லாம். வண்டிச் சாமான எடுத்து நகத்தால ஒரு கீறு, மூக்குல வச்சி ஒரு மோப்பம், இது தேறும், இது தேறாதும்பான். அவன்கிட்ட ஒரு சட்டம் உண்டு. கழட்டுன பழசச் சாக்குல சுருட்டி உடையவன் கையில குடுக்காம வண்டிய வெளிய விடமாட்டான். நான் என்னத்தக் கழட்டுனேன்னு அவுகளுக்குத் தெரியணும்லாக்கான்னு சொல்லுவான். அவன் வேல பாத்த இரும்புல மூணு புள்ளி குத்தியிருப்பான். பேரு எழுதத் தெரியாதுல்லா, அதான் அவன் கையெழுத்து.

எதுத்தாப்புல மோட்டார் சாமான்கடை. சங்கரநாராயணன் கடை. அவன் யாரு தெரியும்லா? உலகம்மைக்குக் கூடப் பொறந்தவன். ஒத்தத் தம்பி. காலராவுல தாயும் தகப்பனும் ஒரே வாரத்துல போனப்ப அவனுக்கு ஏழு வயசு, அவளுக்குப் பதினெட்டு. வந்த மாப்பிள்ளயெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, ஆப்பஞ் சுட்டு எஸ்செல்சி வரைக்கும் படிக்க வச்சா. கெட்டிக்காரன். இங்கிலீசு டப்பாவ வாசிச்சி இது இன்ன சாமான், இந்த வண்டிக்கு ஆகும்னு சொல்ல தென்காசியில அவன விட்டா ஆளில்ல. அவன் கல்லாவுல நின்னு டப்பாவப் பாத்து கடகடன்னு வாசிக்கையில உலகம்மை இங்கன ஆப்பத்தக் கருக விட்டுட்டுப் பாத்துக்கிட்டு நிப்பா. எழுத்துன்னா அவளுக்கு அவன் வாயிதான். அவன் வாசிச்சா அது வேதம்.

போன ஆனியில, சீசன் தொடங்குன நேரத்துல வந்துச்சி அந்த வண்டி. செகப்பு. கூரையே கெடையாது. ரெண்டே பேரு உக்காரலாம், அதும் கால நீட்டிக்கிட்டு, தரையோட தரையா. வெள்ளக்காரன் போயி பதினாலு வருசமாச்சி, அவன் செஞ்ச வண்டிக்கு இன்னும் திமிரு கொறையல. உடையவரு சிவனணைஞ்சபெருமாள், ஆரியங்காவுக்கு அங்கிட்டு ரப்பர் எஸ்டேட்டு முதலாளி. சின்ன வயசுதான். சீசனுக்கு இங்க குத்தாலத்துல பங்களா எடுத்துத் தங்குவாரு. பிரேக்கப் புடிச்சா இரும்போட இரும்பு ஒரசிக் கீச்சுன்னு அலறுது. உள்ள இருக்கிற லைனிங் தேஞ்சி போச்சி, புதுசு ஒட்டணும்னாரு.

லைனிங்னா என்னன்னு கேக்குதியளா? எனக்குத் தெரிஞ்சத சொல்லுதேன். சக்கரத்துக்குள்ள சட்டி மாதிரி ஒரு டிரம்மு சுத்தும். அதுக்குள்ள லாடம் மாதிரி வளஞ்ச இரும்பு ரெண்டு, அதுக்குப் பேரு ஷூ. அது மேல ஒரு பட்டைய வச்சி ரிவிட்டு அடிச்சிருக்கும். மிதிச்சா குழாயில இருக்கிற எண்ணெ தள்ளி ஷூ விரிஞ்சி பட்டை போயி டிரம்ம அமுக்கும். அந்தப் பட்டைதான் லைனிங். உசுரு அதுலதான் இருக்கு.

சங்கரநாராயணன் ரெண்டு தினுசு கொண்டாந்து வச்சான். ஒண்ணு துணி கணக்கா பின்னுனது, மெத்துமெத்துன்னு இருக்கும். இன்னொண்ணு அச்சுல வார்த்தது, ஓடு மாதிரி கெட்டி. மெத்துன்னு இருக்கிறதுதான் தொட்டதும் புடிக்கும், டப்பாவுல போட்டிருக்குன்னு வாசிச்சிக் காட்டுனான். முதலாளிக்கு அதுதான் புடிச்சிது.

அய்யாக்குட்டி ரெண்டுலயும் வெரக்கட அளவு அறுத்து எடுத்துக்கிட்டு உலகம்மை அடுப்புக்கிட்ட வந்தான். அக்கா, சட்டிய எறக்குங்க, கொஞ்சம் கங்கு வேணும்னான். ஏலே, ஆப்பத்துக்கு ஆளு காத்துக்கிட்டிருக்குன்னு அவ ஏசுதா, அவன் கேக்கவே இல்ல. மொதல்ல ஆறுனதாவே ரெண்டையும் ஒரு பழைய டிரம்மு ஓட்டுல வச்சித் தேச்சான். பின்னுனது கவ்வுது, கெட்டி வழுக்குது. முதலாளி சிரிச்சாரு. பெறவு ரெண்டையும் கங்குல போட்டுக் காஞ்சதும் எடுத்துத் தேச்சான். பின்னுனதுல இருந்து மயிரு பொசுங்கி வெளக்கெண்ணெய் ஊத்துன மாதிரி ஒரு நாத்தம். மேலாப்புல கண்ணாடி கணக்கா மினுங்குது. வழுக்கிக்கிட்டுப் போகுது. கெட்டி இருக்கே, அது சூடேறவும் உடும்பாட்டம் புடிச்சிக்கிட்டு.

முதலாளி, இந்த வண்டி கனம் கொறச்ச, ஓட்டம் சாஸ்தி. நீங்க மலையில இருந்து எறங்குத ஆளு. மொத நாளே கொழையிறதப் பாத்து மயங்கப்படாது, சூட்டுல என்ன செய்யும்னு பாக்கணும்னான். உலகம்மை விடுவாளா? ஏலே, நீ லைனிங் பாக்குதியா மாப்பிள்ள பாக்குதியான்னா. ரெண்டும் ஒண்ணுதாம்க்கா, ரெண்டுலயும் தப்புனா உசுரு போயிருமேன்னான்.

கெட்டியத்தான் போட்டான். மூணு புள்ளி குத்துனான். பழைய குத்தாலம் வரைக்கும் தானே ஓட்டிட்டு வந்து, நாலு சக்கரத்தயும் மோந்து பாத்துட்டு, பழசச் சாக்குல சுருட்டிக் குடுத்துட்டு அனுப்புனான். அதோட முடிஞ்சிருக்கணும் கத.

முடியலியே. முதலாளிக்கு மனசு ஆறல. குத்தாலத்துல அருவிக்கரைக் கூட்டத்துல போயி வண்டியச் சட்டுன்னு நிப்பாட்டணும், எல்லாவனும் திரும்பிப் பாக்கணும், அதுதான் அவருக்கு. கெட்டி லைனிங் அழுத்தி மிதிச்சாத்தான் நிக்கும். சினேகிதக்காரங்க முன்னால வண்டி நாலடி தள்ளிப் போயி நின்னுச்சாம், ஒருத்தன் கேலி பண்ணிட்டானாம். திரும்பி வந்தாரு. மத்ததப் போடுன்னாரு. அய்யாக்குட்டி கையக் கட்டிக்கிட்டு நின்னான். மலை ஏறமாட்டேன்னு சொல்லுங்க, இப்பவே போடுதேன். ஏறி எறங்குத வண்டிக்கு நான் போடமாட்டேன்னான். மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சி அவருக்கு. போயிட்டாரு.

சங்கரநாராயணன் பின்னாலயே போனான். நான் அவனச் சம்மதிக்க வைக்கேன் முதலாளின்னு சொல்லியிருக்கான். எதுக்குங்கிய? காசுக்கில்ல, கேட்டுக்கோங்க. அந்த வண்டியில முதலாளிக்குப் பக்கத்துல ஒரு சீட்டு இருக்குல்லா? அந்தச் சீட்டுல உக்காந்து ஒருக்கா குத்தாலத்த வலம் வரணும். அம்புட்டுதான். சாமான்கடைப் பயன்னு கூப்புட்டவன்லாம் பாக்கணும். அந்த ஆச அவன் கண்ணுல ஓடுனத உலகம்மை பாத்தா. பாத்துட்டு, பாவம், எம் பிள்ளைக்கி என்ன ஆச பாருன்னு மனசுக்குள்ள சிரிச்சா. அங்கனதான் அவ மொதல்ல தப்பு பண்ணுனது.

ஆடித்தபசு வந்துச்சி. சங்கரங்கோயிலுக்குத் தென்காசியே காலியாகும்லா. அய்யாக்குட்டி போறதா இல்ல, வேல கெடந்துச்சி. சங்கரநாராயணன்தான் விடல. ஏலே, கல்யாணமாயி மூணு வருசம் கழிச்சி இப்பத்தான் உன் பொண்டாட்டி குழல்வாய்மொழிக்கு வகுத்துல தங்கியிருக்கு, கோமதியம்மனுக்குக் கொண்டு போயி காட்டாண்டாமான்னு சொல்லி, பஸ் வரைக்கும் கூடப் போயி, சன்னல் பக்கத்துல எடம் புடிச்சி அந்தப் பிள்ளைய உக்கார வச்சி அனுப்பிட்டு வந்தான். உலகம்மைக்குப் பெருமை தாங்கல.

அய்யாக்குட்டி எங்க போனாலும் பட்டறைச் சாவி உலகம்மைகிட்டதான் இருக்கும். அன்னைக்கி மத்தியானம் தம்பிக்காரன் வந்தான். அக்கா, சாவியக் குடு, முதலாளி நேத்தே என் கடையில விட்டுட்டுப் போன வண்டியில சின்ன வேல, அய்யாக்குட்டிகிட்ட சொல்லிட்டேன்னான். குடுத்தா. ஏன் குடுத்தாங்கியளா? நீங்க உங்க தம்பிக்கிக் குடுக்கமாட்டியளா?

தெருவுல ஈ காக்கா இல்ல. தட்டி வழியா எட்டிப் பாத்தா, செகப்பு வண்டி முட்டுக்குடுத்து நிக்கி. சக்கரமெல்லாம் கழட்டிக் கெடக்கு. அவன் சட்டையக் கழட்டிட்டு ஷூவுல பட்டை வச்சி ரிவிட்டு அடிக்கான். பின்னல் பட்டை. அவளுக்குத் தெரிஞ்சி போச்சி, அடுப்புல பொசுங்குனதுல்லா. ஏலே, இது அய்யாக்குட்டி வேண்டாம்னதுல்லான்னு கேட்டா. கேட்டா அண்ணாச்சி, அத எழுதிக்கோங்க. கேக்காம இல்ல. இது வேறக்கா, அது மாதிரி இருக்கும், மலைக்குன்னே மெட்ராஸ்ல இருந்து புதுசா வரவழச்சது, இந்தா பாரு எழுதியிருக்குன்னு டப்பாவத் தூக்கிக் காட்டுனான். அவ டப்பாவப் பாத்தா. கருப்பா எறும்பு ஊருன மாதிரி எழுத்து இருந்துச்சி. சரின்னுட்டா.

அவன் சாமான் விக்கிறவன், வேலக்காரன் இல்லியே. ஷூவக் கழட்டையில உள்ள எண்ணெ அடைக்கிற குமிழு தெறிச்சி, எண்ணெயெல்லாம் தரையில ஓடிருச்சி. திரும்ப எண்ணெ ஊத்தி உள்ள போன காத்த வெளிய எடுக்கணும். அதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தரு மேல உக்காந்து பிரேக்க மிதிக்கணும், ஒருத்தரு கீழ கெடந்து தொறந்து மூடணும். அக்கா, ஏறி உக்காருன்னான்.

உலகம்மை மாவுக்கையச் சேலையில தொடச்சிட்டு ஏறி உக்காந்தா. பஸ்சுல கூட முன்சீட்டுல உக்காந்தவ இல்ல அவ. கால நீட்டுனா, தோலு சீட்டு முதுக அணச்சிப் புடிக்கி. கீழ இருந்து அவன் சொல்லுதான். மிதி. விடாத. இப்ப விடு. மிதி. விடாத. விடு. மொதல்ல மிதிக்கையில கூழுல கால விட்ட மாதிரி சொதக்குன்னு போச்சி. மிதிக்க மிதிக்கக் கெட்டியாகுது. ஏலே, இப்ப நான்தான் டிரைவரான்னு கேக்குதா. ஆமா டிரைவரம்மா, பேசாம மிதிம்மாங்கான். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு. ஏழு வயசுல அவனக் கையப் புடிச்சிக்கிட்டு இந்த அருவிக்கிக் குளிக்கக் கூட்டியாந்தப்ப சிரிச்சது, பெறவு அன்னைக்கிதான். ஆப்பஞ் சுட்ட சூடெல்லாம் அந்தச் சீட்டுல எறங்கிப் போச்சி அவளுக்கு.

அத எழுதவேண்டாமா? சரி, விட்டுருங்க. கோர்ட்டுக்கு அது எதுக்கு.

சாயந்தரம் முதலாளி வந்தாரு. ஓட்டிப் பாத்தாரு. தொட்டாச் சிணுங்கி கணக்கா நின்னுச்சி வண்டி. அய்யாக்குட்டி நேத்தே மாத்திக் குடுத்துட்டான் முதலாளின்னு இவன் சொன்னான். ஏன் அவன் பேரச் சொல்லுதான்னு உலகம்மைக்கு ஒரு நிமிசம் சுருக்குன்னுச்சி. அதுக்குள்ள முதலாளி கதவத் தொறந்து விட்டாரு, இவன் ஏறிட்டான். கைய வெளிய தொங்கப் போட்டுக்கிட்டுப் போறான், அக்காவத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு. அவ கேக்க வந்தத மறந்துட்டா.

கழட்டுன கெட்டிப் பட்டையா? அத எந்தக் கொளத்துல போட்டானோ. சாக்குல சுருட்டிக் குடுக்க அவன் என்ன அய்யாக்குட்டியா?

சீசன் முடியிற வரைக்கும் முதலாளி இங்கனக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடந்தாரு. ஒண்ணும் ஆகல. ஆவணி பொறந்து எஸ்டேட்டுக்குப் போனாரு. ஏறையில பிரேக்குக்கு என்ன வேல. மறுநா எறங்குனாரு. புளியரைக்கு மேல வளைவு வளைவா வருமே, மொத ரெண்டு வளைவுல புடிச்சிதாம். மூணாவதுல காலு கட்டையில மிதிச்ச மாதிரி நிக்கி, வண்டி நிக்கல. கடேசி வளைவுல, வெறகுக்கட்டத் தலையில வச்சிக்கிட்டு மாடத்தின்னு ஒருத்தி ஓரமா வந்துக்கிட்டிருந்திருக்கா. செங்கோட்டைக்கி வெறகு விக்கப் போற பொம்பள. மூணு நாளு கெடந்து செத்துப் போனா. முதலாளிக்குத் தோள்பட்ட எலும்பு போச்சி. பாத்தவங்க ஆப்பக்கடையில வந்து சொன்னாங்க, வண்டியில இருந்து மயிரு பொசுங்குன நாத்தம் வந்துச்சின்னு. அது எந்தப் பட்டை நாத்தம்னு உலகம்மைக்குத் தெரிஞ்சி போச்சி.

போலீசு டிரம்மத் தொறந்தா பின்னல் பட்டை, ஷூவுல மூணு புள்ளி. அய்யாக்குட்டியக் கூட்டிட்டுப் போனாங்க. ஷூ என்னோடது, புள்ளி என்னோடது, பட்டை என்னோடதில்லைய்யான்னான். ரிவிட்டப் பாருங்க, இது ஓரத்துல இருந்து நடுவுக்கு அடிச்சிருக்கு, பட்டை நடுவுல தூக்கிக்கிட்டு நிக்கி. நான் நடுவுல இருந்து ஓரத்துக்குல்லா அடிப்பேன்னான். யாரு கேக்கா? நீங்க இப்பத்தான் கேக்குதிய. இதப் போயி எவனாவது ரிவிட்டு அடிக்கிறவன கூட்டியாந்து பாக்கச் சொல்லுங்க. கண்ணுள்ளவன் சொல்லுவான்.

உலகம்மை சும்மா இருந்தான்னு நெனைக்காதிய. அன்னைக்கே சாமான்கடைக்குள்ள ஏறிப் போயி கதவச் சாத்திட்டு, போயி உள்ளதச் சொல்லிருலேன்னா. கால்ல விழுந்தான். அக்கா, நான் உள்ள போனா உனக்குக் கொள்ளி வைக்கக்கூட ஆளில்லியேன்னு அழுதான். அவன் அழுது அவ பாத்தது தாயி செத்தப்ப ஒருக்கா. அவளுக்கு நெஞ்சு ரெண்டாப் பொளந்துட்டு. அந்தப் பக்கம் அய்யாக்குட்டி, இந்தப் பக்கம் இவன். ரெண்டு பேரும் தப்பிக்க வழியில்லியாலேன்னா பாத்துக்கோங்க. அந்த வார்த்தைய அவதான் எடுத்துக் குடுத்தா. கெட்டிக்காரனுக்கு அது போதும்லா.

அஞ்சாம் நாளு காயிதத்தோட வந்தான். அய்யாக்குட்டி நல்லவன், வேலையில சுத்தம், அவன் மேல தப்பில்ல, வண்டி அதுவா கெட்டுப் போச்சின்னு உன் பேருல எழுதியிருக்கேங்க்கா. பக்கத்துக் கடைக்காரி நீ சொன்னா போலீசு நம்பும், விட்டுருவாங்கன்னான். உள்ள நெசமா எழுதியிருந்தது உங்களுக்குத் தெரியும். தபசுக்கு முந்துன நாளே அய்யாக்குட்டி பட்டையக் கழட்டி மாத்துனான், குடிச்சிருந்தான், நான் என் கண்ணால பாத்தேன்னு. அய்யாக்குட்டி கள்ளு மோந்தது கூடக் கெடையாது அண்ணாச்சி.

எப்பத் தெரிஞ்சிதுன்னா, மொத வாய்தா அன்னைக்கி. குழல்வாய்மொழி மேடிட்ட வகுத்தோட கடைக்கி முன்னால வந்து நின்னா. ஏசல, அழல. அக்கா, நீங்களுமாக்கான்னு ஒத்தக் கேள்வி கேட்டுட்டுப் போயிட்டா. பெறவுதான் ஆள விட்டு விசாரிச்சி தெரிஞ்சிக்கிட்டா. அன்னைக்கி அணைச்ச அடுப்ப மறுபடி பத்தவைக்கல. அவ வந்துட்டா இங்க.

எழுதிட்டியளா? என்ன, உலகம்மைய வரச் சொல்லணுமா? இன்னும் என்னத்துக்கு அவ இவன்னு பேசிக்கிட்டு. நான்தான் உலகம்மை. நீங்க எந்தப் பக்கத்து ஆளுன்னு பாக்கணும்லா, அதான் இம்புட்டு நேரம் அவள வெளிய நிறுத்தி வச்சிருந்தேன்.

இருங்க, இருங்க. மைப்பெட்டிய மூடுங்க. கைநாட்டு வைக்கேன், கோர்ட்டுக்கும் வாரேன், அந்தச் சீட்டுல நான் உக்காந்து மிதிச்சதயும் அங்க வந்து சொல்லுதேன். ஆனா காயிதத்த நீங்க வாசிக்கவேண்டாம். அந்தா, குளிச்சிட்டுத் தல தொவட்டிக்கிட்டு வாராரு பாருங்க, எலஞ்சிப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. உங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத ஒருத்தரு வாசிக்கட்டும்.

நீங்க தப்பா எடுத்துக்கிடாதிய. அவனுந்தான் வாசிச்சான். அடுப்படியில எனக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, அய்யாக்குட்டி எப்பேர்ப்பட்டவன்னு, காயிதத்துல இல்லாதத எல்லாம் வரி வரியா வெரல வச்சி நிறுத்தி நிறுத்தி வாசிச்சான். கேக்கக் கேக்க எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எம் பிள்ள எம்புட்டு நல்லா எழுதியிருக்கான்னு நெனச்சேன். வாசிச்சி முடிச்சிட்டு எம் பெருவெரலப் புடிச்சி மையில உருட்டி காயிதத்துல அமுக்குனான். அமுக்கிட்டு, மாவுல மை பட்டுரும்க்கான்னு சொல்லி, தோள்ல கெடந்த வெள்ளத் துண்ட எடுத்து, ரேகைக்குள்ள ஒரு பொட்டு கூட இல்லாம, பூப்போல தொடச்சி விட்டான்.